சுவரும் தராசும்

சித்திரை கழிந்து வைகாசி பிறக்கும் நாள்களில், தில்லியிலோ நாகபுரியிலோ மாடிக் கட்டடத்தின் உச்சித் தளத்தில் குடியிருக்கும் நம்மவர்க்கு ஒரு செய்தியை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதிரவன் மறைந்து நெடுநேரம் சென்ற பின்னும் அவ்வீட்டின் கூரை அனலை உமிழ்ந்துகொண்டே இருக்கும். மேற்குச் சுவரில் கையை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டாற்போலச் சுடும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர், "வெயில் பகலில்தானே அடித்தது? இரவில் ஏன் இந்த வேதனை?" என்று வியப்பார். கல்லும் செங்கல்லும் வெயிலை உடனே உள்ளே விடுவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லத் திருப்பித் தருகின்றன. நண்பகலில் வாங்கிய கடனை அவை நள்ளிரவில் நம் தலைமேல் தீர்க்கின்றன.

இந்த வெப்பத்தைத் தடுக்க எதைக் கொண்டு சுவரையும் கூரையையும் காப்பது என்பது பழைய வினா. வெப்பத்தை மிகுதியாகத் தடுக்கும் பொருள் எதுவோ அதுவே சிறந்தது என்று விடை கூறிவிடலாம் எனத் தோன்றும். ஆனால் மனிதன் வீடு கட்டிய வரலாறு அவ்வாறு கூறவில்லை. வெப்பத்தை மட்டும் நோக்கித் தேர்ந்தவர்கள் ஈரத்தினாலும், நஞ்சுக் காற்றினாலும், தீயினாலும் துன்புற்றதை அது காட்டுகிறது. பலவற்றையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்று எவ்வாறு உருவாயிற்று, அதனை நாம் எவ்வாறு கையாள வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நம் நாட்டுக் கொத்தர்களின் வழக்கத்தை நோக்குவோம். சென்னையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் முன்னாளில் கட்டப்பட்ட மெத்தை வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர் வழங்கும் கூரை அவற்றிற்கு உரியது. தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களை நெற்றுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தினால் இணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த ஒரு படை அமையும். அதற்கும் மேலே தட்டோடு பதிப்பார்கள். அக்கூரை வெயிலைத் தாமதப்படுத்தியது, மழையையும் தடுத்தது, உள்ளூர்ச் சூளையிலும் காளவாயிலும் கிடைத்த பொருள்களைக் கொண்டே முடிந்தது.

வட இந்தியாவில் இதற்கு நிகரானது மண் புஸ்கா என்னும் தளமாகும். களிமண் கலந்த மண்ணைப் பூசாவோடு, அதாவது கோதுமை வைக்கோல் துணுக்குகளோடு, பிசைந்து கூரையின்மேல் 75 முதல் 100 மில்லிமீட்டர் கனத்திற்குப் பரப்பிக் கெட்டிப்பார்கள். மண்ணும் சாணமும் கலந்து அதனை மெழுகி, அதன்மேல் செங்கல் ஓடுகளைப் பாவுவார்கள். தில்லியிலும் பஞ்சாபிலும் பழைய குடியிருப்புகள் பலவற்றின் தலையில் இருப்பது இந்த மண்தான்.

இவ்விரு முறைகளையும் வகுத்தவர்கள் கணக்கு எழுதி வகுக்கவில்லை. ஆயினும் வெப்பம், மழை, எடை, விலை, கைவேலை, ஆயுள் ஆகிய அனைத்தையும் தலைமுறை தலைமுறையாக நிறுத்துப் பார்த்தே அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஒழுகிய கூரை மறு ஆண்டு மாற்றப்பட்டது. தாங்காத உத்தரம் அடுத்த வீட்டில் பருமனாயிற்று. அவர்களுடைய தராசு பட்டறிவு. அதற்கு ஒரே குறை, புதிய பொருள் ஒன்று திடீரென்று வந்து நின்றால் அதனை நிறுக்க நூறாண்டு தேவைப்படும் என்பதே.

மேலை நாட்டு வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஈரம் ஏறும் அறைகளில் சுவருக்கு உட்புறமாக மற்றொரு மெல்லிய சுவரை எழுப்பி, இரண்டுக்கும் இடையில் காற்றுப் போக வழி விடுமாறு தம் நூலில் அறிவுறுத்தினார். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் பரவத் தொடங்கிய இரட்டைச் சுவர் முறையும் சாரல் மழையைத் தடுப்பதற்கே சிறப்பாகப் பயன்பட்டது. வெளிச்சுவர் நனையும், இடைவெளி அந்த ஈரத்தைத் தாண்ட விடாது, உட்சுவர் உலர்ந்திருக்கும். இடைவெளியின் பணி ஈரத்தைத் தடுப்பது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்ததை அறிய அது உதவும்.

வெப்பம் ஒரு பொருளின் வழியே எவ்வாறு செல்கிறது என்பதைக் கணித வடிவில் நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியே. அவருடைய நூல் 1822-இல் வெளிவந்தது. அதன் பின்னரே, ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பக் கடத்து எண் ஒன்றை அளந்து கூறுவது இயல்வதாயிற்று. அந்த எண் சிறிதாயின் பொருள் வெப்பத்தை நன்கு தடுக்கும். இந்நாளைய அலகில் இரும்புக் கம்பியிட்ட காங்கிரீட்டின் எண் ஏறத்தாழ 1.6; செங்கல் கட்டுக்கு 0.8, மண் புஸ்காவிற்கு 0.5, அசையாத காற்றுக்கோ 0.026 மட்டுமே. ஆகவே, காற்றை அசைய விடாமல் சிறைப்படுத்தும் பொருளே நல்ல காப்பு என்பது புலனாயிற்று.

பிறகு அத்தகைய பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உருக்காலைக் கசட்டை நீராவியால் ஊதி நூலாக்கிய கனிமக் கம்பளி, 1870-களில் ஜெர்மனியில் வாணிகப் பொருளாயிற்று. 1890-களில் அமெரிக்காவில் தக்கைத் துகளைச் சூடாக்கி அழுத்திப் பலகை செய்தார்கள். 1920-களில் சுவீடனில் ஆக்செல் எரிக்சன் என்பவர் காற்றுப் புழைகள் நிறைந்த இலேசான கட்டுமானக் கல்லை உருவாக்கினார். 1930-களில் கண்ணாடி இழை வந்தது. 1950-ஐ ஒட்டி ஜெர்மனியில் பாலிஸ்டைரின் நுரைப்பலகை பிறந்தது. அதன் கடத்து எண் ஏறத்தாழ 0.035. தூக்கினால் இறகு போன்றது. தடுப்பிலோ மண்ணைவிடப் பதின்மடங்குக்கும் மேற்பட்டது.

இப்பொருள்களுக்குப் பெருந்தேவை பிறந்தது 1973-இல். அவ்வாண்டின் இறுதியில் எழுந்த எண்ணெய் நெருக்கடியால் கச்சா எண்ணெயின் விலை சில திங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் செலவு குடும்பங்களை நெருக்கியது. அரசுகள் மானியம் வழங்கி வீடுகளுக்கு வெப்பக் காப்பு இடத் தூண்டின. பிரிட்டனில் இரட்டைச் சுவர்களின் இடைவெளியில் காப்புப் பொருளை நிரப்பும் வழக்கம் பெருகியது. பெரும்பாலான வீடுகளில் அது நன்மையே செய்தது. ஆயினும் கடுமையான சாரல் அடிக்கும் இடங்களில், அவ்விடைவெளி எதற்காக விடப்பட்டதோ அந்தப் பணி கெட்டு, ஈரம் உட்சுவருக்குத் தாண்டிய வீடுகளும் இருந்தன. வெப்பத் தட்டில் ஏற்றியதை ஈரத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கனடாவில் நேர்ந்தது இதனினும் பெரிது. அங்கு 1977-இல் தொடங்கிய அரசு மானியத் திட்டத்தின் காலத்தில், யூரியா ஃபார்மால்டிஹைடு என்னும் நுரையைச் சுவர்களின் உள்ளே பீய்ச்சி நிரப்பினார்கள். பழைய சுவரை இடிக்காமலே வேலை முடியும், விலையும் மலிவு. ஆனால் அந்நுரையிலிருந்து கசிந்த வாயுவினால் கண்ணெரிச்சலும் மூச்சுத் தொல்லையும் உண்டாவதாகக் குடியிருப்போர் முறையிட்டனர். 1980 டிசம்பரில் அப்பொருளைக் காப்புக்காகப் பயன்படுத்துவதற்கே தடை விதிக்கப்பட்டது. சேமிப்பு என்று எண்ணிச் செய்ததைச் சுவரைத் திறந்து அகற்ற மறுபடியும் செலவிட நேர்ந்தது. வாங்கும்போது அவர்கள் கையிலிருந்த பட்டியலில் விலை இருந்தது, வெப்பம் இருந்தது. உள்ளே வாழ்வோர் சுவாசிக்கும் காற்று இல்லை.

இத்தகைய தவறுகளைத் தவிர்க்க ஒரு தராசு வேண்டும் அன்றோ? அதன் வரலாறு வேறொரு திசையிலிருந்து வருகிறது. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர், தமக்கு வந்த ஒரு பதவியை ஏற்பதா மறுப்பதா என்று தெளியாமல் பெஞ்சமின் பிராங்கிளினிடம் யோசனை கேட்டார். பிராங்கிளின் எழுதிய மறுமொழி புகழ் பெற்றது. எதை முடிவு செய்வது என்று அவர் கூறவில்லை. எவ்வாறு முடிவு செய்வது என்பதையே கூறினார். ஒரு தாளை இரு பத்தியாகப் பிரித்து, ஒன்றில் ஆதரவான காரணங்களையும் மற்றொன்றில் எதிரான காரணங்களையும் சில நாள்கள் எழுதி வருக. சம எடையுள்ளவற்றை இருபுறமும் அடித்துக்கொண்டே வருக. எஞ்சி நிற்பது எப்பக்கமோ அப்பக்கம் செல்க என்பது அவர் காட்டிய வழியின் சாரம்.

இவ்வழி 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு துறையாகவே வளர்ந்தது. பல அளவுகோல் தேர்வு முறை என்று அதனை நாம் வழங்கலாம். அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் சாட்டி 1970-களில் வகுத்து 1980-இல் நூலாக வெளியிட்ட படிநிலைப் பகுப்பு முறை அவற்றுள் பெரிதும் பரவியது. பத்து அளவுகோல்களை ஒருங்கே மனத்தில் நிறுத்தி எடை கூற எவராலும் இயலாது. இரண்டை மட்டும் எதிரெதிரே வைத்து, எது எத்துணை மடங்கு முக்கியம் என்று கேட்டால் கூற இயலும். சாட்டி, 1 முதல் 9 வரையுள்ள எண்களால் அவ்வாறு கேட்கச் செய்தார். வெப்பம் விலையைவிட மும்மடங்கு, விலை எடையைவிட இருமடங்கு என்று ஒருவர் கூறினால், வெப்பம் எடையைவிட ஆறுமடங்கு என்றாக வேண்டும். அவரே அதற்கு இரண்டு என்று விடை தந்தால் அவருடைய சொற்களுக்குள் முரண் உள்ளது. அந்த முரணையும் இம்முறை அளந்து காட்டுகிறது. 1981-இல் ஹுவாங், யூன் என்னும் இருவர் வேறொரு வழியை வகுத்தார்கள். எல்லா வகையிலும் சிறந்த கற்பனைப் பொருள் ஒன்றையும், எல்லா வகையிலும் தாழ்ந்த கற்பனைப் பொருள் ஒன்றையும் அமைத்து, முன்னதற்கு அருகிலும் பின்னதற்குத் தொலைவிலும் நிற்பதைத் தேர்வது அது.

இனி, இத்தராசை நம் தலைக்கு மேலுள்ள கூரையிலேயே வைத்துப் பார்ப்போம். 150 மில்லிமீட்டர் கனமுள்ள காங்கிரீட்டுத் தளம் ஒன்று வெறுமனே இருந்தால், உள்ளும் வெளியும் ஒரு பாகை வேறுபடும்போது, ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஏறத்தாழ 3.3 வாட் வெப்பம் கடக்கும். அதன்மேல் 100 மில்லிமீட்டர் மண் புஸ்காவும் 50 மில்லிமீட்டர் செங்கல் ஓடும் அமைத்தால் அது 1.8 ஆகக் குறையும். மண்ணுக்குப் பதிலாக 50 மில்லிமீட்டர் நுரைப்பலகையை இட்டால் 0.6 அளவிற்கு இறங்கும். இந்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு, கூரைக்கு வகுத்த மேல்வரம்பு 1.2. வெப்பம் ஒன்றையே பார்த்தால் நுரைப்பலகை எளிதில் வெல்கிறது.

இப்பொழுது மற்ற அளவுகோல்களையும் சேர்ப்போம். வெப்பத் தடுப்பில் மண்ணுக்குப் பத்தில் 5, நுரைப்பலகைக்கு 9. எடைக் குறைவில் மண்ணுக்கு 2, பலகைக்கு 10. விலைக் குறைவில் மண்ணுக்கு 7, பலகைக்கு 4. உள்ளூர்க் கொத்தரைக் கொண்டு செய்து, பழுதும் பார்த்துக்கொள்ளும் எளிமையில் மண்ணுக்கு 9, பலகைக்கு 4. இம்மதிப்பெண்கள் விளக்கத்திற்காக நாம் இட்டவை. வெப்பத்திற்கு 40 விழுக்காடும் ஏனைய மூன்றுக்கும் 20 விழுக்காடு வீதமும் முக்கியம் அளித்தால், மண் 5.6 பெறுகிறது, பலகை 7.2 பெற்று வெல்கிறது. வருவாய் குறைந்த மற்றொரு குடும்பம், விலைக்கு 40, எளிமைக்கு 30, வெப்பத்திற்கு 20, எடைக்கு 10 என்று வைத்தால், மண் 6.7 பெற்று வெல்கிறது, பலகை 5.6-இல் நிற்கிறது. பொருள்களின் குணம் மாறவில்லை, மதிப்பெண்களும் மாறவில்லை. எது நமக்கு முக்கியம் என்ற எண்ணம் மாறியது, முடிவு தலைகீழாயிற்று.

எனவே, கணக்கு முடிவு செய்தது என்று எவரேனும் கூறினால், எடைகளை வைத்தவர் யார் என்று கேட்க வேண்டும். குத்தகைக்காரர் வைத்தாரா, வீட்டின் உரிமையாளர் வைத்தாரா, இரவெல்லாம் அந்தக் கூரையின்கீழ்ப் புரண்டு படுப்பவர் வைத்தாரா? தராசு நேர்மையானது, ஆயினும் படிக்கல்லை இடுவது மனிதக் கையே. அன்றியும், சாட்டியின் முறையில் புதிதாக ஒரு பொருளைப் பட்டியலில் சேர்த்தால் முன்னிருந்த இரண்டின் வரிசை தம்முள் மாறிவிடக்கூடும் என்பதைப் பெல்டன், கியர் என்னும் ஆய்வாளர்கள் 1983-இல் சுட்டிக் காட்டினார்கள். அம்முறையைப் பற்றிய வாதம் அதன்பின் நெடுநாள் தொடர்ந்தது.

இதனினும் முக்கியமானது மற்றொன்று உண்டு. மேற்கண்ட கணக்கில் இரண்டாவது குடும்பம் மண்ணைத் தேர்ந்தது அல்லவா? 100 மில்லிமீட்டர் மண்ணும் அதன்மேல் ஓடும் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ எடையாகும். அதே பரப்பில் இடும் நுரைப்பலகையின் எடையோ ஒரு கிலோ அளவுதான். அக்குடும்பம் வாழ்வது, கம்பி துருவேறிய பழைய தளத்தின்கீழ் என்று வைத்துக்கொள்வோம். மண் பெற்ற 6.7 என்ற எண்ணால் அந்தத் தளம் தாங்கிவிடுமா? விலையிலும் எளிமையிலும் பெற்ற மதிப்பெண்கள், கூரை இடிந்து விழும் அபாயத்தை ஈடு செய்யா. கூட்டிப் பெருக்கும் கணக்கின் பெருங்குறை இதுவே. ஒன்றில் உள்ள நிறைவைக் கொண்டு மற்றொன்றில் உள்ள கேட்டை அது மறைத்துவிடும்.

பிரெஞ்சு அறிஞர் பெர்னார் ருவா 1968-இல் வெளியிட்ட எலெக்ட்ர் என்னும் முறை இக்குறையை முன்னரே உணர்ந்திருந்தது. பெரும்பான்மையான அளவுகோல்கள் ஒரு பொருளை ஆதரித்தாலும், ஏதேனும் ஓர் அளவுகோல் அதனை மிக வன்மையாக எதிர்க்குமானால், அந்த ஆதரவு செல்லாது என்று அது வகுத்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒன்பது பேர் சரியென்று தலையசைத்தாலும், அந்த வழியில் கிணறு இருக்கிறது என்று ஒருவர் கூறினால் வண்டியை நிறுத்திவிடுவோம் அல்லவா? அதுபோன்றது இது.

இவ்வுண்மையை உலகம் மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது 2017-இல். இலண்டன் மாநகரில் 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட கிரென்ஃபெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்பு, 2016-இல் முடிந்த புதுப்பிப்பின்போது வெளிப்புறத்தில் காப்புப் பலகைகளாலும் அலுமினிய உறைத் தகடுகளாலும் போர்த்தப்பட்டது. குளிரைத் தடுப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. 2017 ஜூன் 14-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, ஒரு வீட்டின் சமையலறையில் பற்றிய தீ வெளிப்புறத்திற்குத் தாவிக் கோபுரம் முழுவதும் ஏறியது. 72 பேர் உயிரிழந்தனர். உறைத் தகடுகளின் உள்ளீடாக இருந்த பாலிஎத்திலீன் தீக்கு உணவாயிற்று என்பதே அது பரவியதற்குத் தலையாய காரணம் என்று விசாரணையில் தெளிந்தது; எரியக்கூடிய காப்புப் பலகைகளும் அதற்குத் துணை செய்தன. அக்கோபுரம் காங்கிரீட்டால் ஆனதே எனினும், அதன் பாடம் எல்லாச் சுவருக்கும் உரியது. தீ என்பது கூட்டிக் கழிக்கத் தக்க மதிப்பெண் அன்று. அது வாயிற்படி, அதைத் தாண்டியவற்றை மட்டுமே தராசில் ஏற்ற வேண்டும்.

நம் நாட்டிலும் இத்துறையில் அரிய உழைப்பு நிகழ்ந்திருக்கிறது. ரூர்க்கியில் 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், இந்தியச் செங்கல், மண், சுண்ணாம்பு ஆகியவற்றின் வெப்பக் குணங்களை அளந்து பொறியாளர்களுக்கு வழங்கியது. பட்டறிவாக மட்டும் இருந்த மண் புஸ்காவிற்கும் இந்தியத் தர நிர்ணயத்தில் விதிநூல் ஒன்று ஏற்பட்டது. இங்கிலாந்திலிருந்து 1945-இல் இந்தியாவிற்கு வந்து, பின்னர்த் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களை நெற்றுக்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். சுவரின் கனம் அதேதான். செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே நின்ற காற்று வெப்பத்தையும் ஓரளவு தடுத்தது. ஒரே செயலால் விலை, எடை, வெப்பம் ஆகிய மூன்றுக்கும் விடை கண்ட அவர், நல்ல தேர்வு விலையுயர்ந்த பொருளில் மட்டும் இல்லை என்பதைக் காட்டினார்.

நேயர்களே, பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட பாடம் ஒன்றும் உண்டு. சென்னைக்கு ஏற்ற கூரை, குளிரும் வெயிலும் மாறி மாறி வாட்டும் தில்லிக்கு அப்படியே ஏலாது. ஐரோப்பியச் சுவருக்கு ஏற்றது கல்கத்தாவின் புழுக்கத்திற்குப் பொருந்தாது. பொருளை எடுத்துச் செல்லலாம். முடிவை எடுத்துச் செல்ல இயலாது. எனவே, வீடு கட்டும்போதோ உச்சித் தளத்தைச் செப்பனிடும்போதோ, விற்பவர் காட்டும் ஓர் எண்ணில் மயங்க வேண்டா. தீ, தளத்தின் வலிமை, மூச்சுக் காற்று ஆகிய மூன்றையும் வாயிற்படியில் நிறுத்திக் கேளுங்கள். வலிமை தெரியாவிடில் பொறியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் வெப்பம், ஈரம், விலை, ஆயுள், பழுது பார்க்கும் எளிமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடி, ஒவ்வொன்றின் முக்கியத்தையும் வைத்துப் பாருங்கள். அந்தக் கூரையின்கீழ்ப் பகல் முழுவதும் இருப்பவர்களாகிய முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் கேளுங்கள்.

மெத்தை வீட்டுக் கூரையைக் கெட்டித்த கொத்தரிடம் எண்கள் இல்லை, நம்மிடம் இருக்கின்றன. ஆனால் அவர் கட்டிய கூரையின்கீழ் உறங்கப் போகிறவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நினைவு நம் கணக்கிலும் இருக்குமானால், சுவர் வெயிலையும் தடுக்கும், மனிதரையும் காக்கும்.